அழைப்பு மணியில் அப்பா

டோர்ட்முண்ட் நகரின் வடக்குப் பகுதியில் நான் குடியிருந்த கட்டடத்துக்கு எண் உண்டு. அதற்குள் இருந்த எட்டு வீடுகளுக்கு எண் கிடையாது. ஜெர்மனியில் பெரும்பாலும் இப்படித்தான். வாசல் நிலையில் ஒரு தகடு, அதில் எட்டுப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடியிருப்பவரின் குடும்பப் பெயர். உள்ளே எட்டுத் தபால் பெட்டிகள், அவற்றிலும் அதே பெயர்கள். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே போய்விடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் சில நாள் கழித்து இன்னொரு கடிதத்தில் வரும். காப்பீடு, பல்கலைக்கழகம், வரி எல்லாமே கடிதம்தான். ஒருவர் அந்த நாட்டில் குடியிருக்கிறார் என்றால் எங்கோ ஒரு தகரப் பெட்டியில் அவர் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

நான் படிக்கப் போய் இறங்கிய 2018 இலையுதிர் காலத்தில் பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் ஒரு கூத்து நடந்தது. தனியுரிமைச் சட்டத்துக்குப் பயந்து, வியன்னா நகராட்சிக் குடியிருப்புகளில் சுமார் 2,20,000 வீடுகளின் அழைப்பு மணிகளிலிருந்து பெயர்களை எடுத்துவிட்டு எண் போடப்போவதாக அறிவித்தார்கள். ஜெர்மனியிலும் அந்தப் பேச்சுக் கிளம்பி, பெயரில்லாத கதவா என்று ஜனங்கள் பதறினார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒட்டுவதற்கு ஒரு கதவு கிடைக்காதா என்று நான் அலைந்துகொண்டிருந்த மாதம் அது.

கதவு கிடைத்தது. ஆனால் நான் இருந்த இரண்டரை ஆண்டும் அந்தப் பொத்தானின் பக்கத்தில் இருந்தது என் பெயரல்ல, என் அப்பாவின் பெயர்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அம்மா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் 'குடும்பத் தலைவர் பேரு?' என்று கேட்டால், "குதிரை மேல அருவா வச்சிட்டு இருக்குமே, அந்தச் சாமி பேரு" என்பாள். கடைக்காரர் இரண்டு மூன்று சாமிகளைச் சொல்லிப் பார்ப்பார். சரியானது வந்ததும் அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். நானும் அண்ணனும் அப்பா பெயரைச் சொன்னது பள்ளிக்கூடத்தில் இனிஷியலை விரித்துச் சொல்லச் சொன்னபோதுதான். கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவரை ஊரே 'கண்டக்டரு' என்றுதான் கூப்பிட்டது.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு அந்தக் கட்டம் காலி. அது சும்மா காலியானதில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு மூன்று தலைமுறை பாடுபட்டுக் காலி செய்த இடம். அந்தக் கட்டத்தில் கணினி மையத்துப் பையன் அப்பா பெயரைப் போட்டு அனுப்பிவிட்டான். "வெளிநாட்டுல காலியா விட்டா பிரச்சினைக்கா" என்றான். அவன் சொன்னது சரிதான். அதன் பலனாகத்தான் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண், அருவாளும் மீசையுமாக ஊர் எல்லையில் நிற்கும் சாமியின் பெயரோடு 'ஃப்ராவ்' என்று சேர்த்து அழைக்கப்பட்டாள். திருமதி அருவாள் என்பதுபோல.

*

செப்டம்பர் 29, சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தேன். கிழமையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டில், இரவுக்கு இருபது யூரோ சொச்சம். காலையில் எழுந்து அரிசியோ ரொட்டியோ வாங்கலாமென்று தெருவுக்குப் போனால் ஊர் செத்துக் கிடந்தது. ஊரடங்குதான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஞாயிறு ஓய்வு நாள் என்பது அங்கே பழக்கம் மட்டுமல்ல, அரசியல் சட்டமே. 1919இல் வைமார் அரசியலமைப்பில் எழுதிய பிரிவை 1949இல் அப்படியே புதியதற்குள்ளும் எடுத்துக்கொண்டார்கள். திங்கள், செவ்வாய் கடை திறந்தது. புதன் மறுபடி மூடிவிட்டார்கள். அக்டோபர் 3, நாடு ஒன்றுசேர்ந்த நாளாம். குறைந்த செலவில் ஐரோப்பாவைச் சுற்றுவது எப்படி என்று நான் ஊரில் உட்கார்ந்து எத்தனையோ குறிப்புகள் படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவை என்று அவற்றில் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் பட்டினி கிடக்காதவர்கள் என்பது என் முடிவு.

அந்த முதல் ஞாயிற்றில் எனக்குச் சோறு போட்டது ஒரு பெட்டிக்கடை. டோர்ட்முண்ட் இருக்கும் ரூர் பகுதி முழுக்கத் தெருவுக்குத் தெரு இப்படிக் கடைகள் உண்டு. ஏட்டில் 'ட்ரிங்க்ஹாலெ', வாயில் 'பூடெ'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் பெருகியபோது, குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாது. தொழிலாளிகள் தாகத்துக்கே பியரும் சாராயமும் குடித்தார்கள். அவர்களுக்குச் சோடாத் தண்ணீர் விற்க வந்த கடைகள் இவை. இப்போது பியர், சிகரெட், பத்திரிகை, பால், குழந்தைகளுக்கு எண்ணிப் பொட்டலம் கட்டித் தரும் மிட்டாய் எல்லாம் கிடைக்கும். ஊரே மூடியிருக்கும்போது இது மட்டும் திறந்திருக்கும். சின்ன ஜன்னலுக்குள் ஐம்பது தாண்டிய ஒருவர் இருந்தார். நான் இங்கிலீஷில் ரொட்டி கேட்டேன். அவர் என் முகத்தையும் காலில் கிடந்த ரப்பர் செருப்பையும் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இண்டைக்கு ஒண்டும் திறக்காயினம். எப்ப வந்தனீங்கள்?" என்றார்.

அண்ணா வடமராட்சிக்காரர். 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பத்தொன்பது வயதில் வந்தவர். அப்போது ஈழத்துப் பையன்களுக்கு இருந்த வழி விசித்திரமானது. கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களைத் தடுக்காது. ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸெ நிலையத்திலிருந்து நகர ரயில் பிடித்தால் அடுத்து மேற்கு பெர்லின். அது தனி எல்லை என்று ஒப்புக்கொள்ள விரும்பாததால் மேற்கும் அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. இரண்டு அரசுகளின் வீம்புக்கு நடுவில் இருந்த ஒரு சந்தில் ஆயிரக்கணக்கானோர் தப்பினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் சந்தை அடைத்துவிட்டார்கள். அண்ணா அதற்குள் டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். அகதி விண்ணப்பம் முடியும்வரை ஒதுக்கிய மாவட்டத்தின் எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். பையில் ஒரு மாற்றுச் சட்டை. குறைந்த செலவுப் பயணம் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் அவர் முன்னால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

*

மாணவர் விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட வேண்டும். 2018இல் அது 8,640 யூரோ. மாதம் 720 மட்டும் எடுக்கலாம். (பிறகு ஏற்றிக்கொண்டே போய் 2024இல் மாதம் 992 ஆக்கிவிட்டார்கள்.) அன்றைய மதிப்பில் ஏழே கால் லட்சம் ரூபாய், அப்பா ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததில் பெரும்பங்கு. விமான டிக்கெட்டுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. இவ்வளவு பணம் என் பெயரில், அதாவது அப்பா பெயரில், அங்கே இருக்கிறது. ஆனால் தொட முடியாது. கணக்கைத் திறந்துவிட முகவரிப் பதிவுச் சான்று வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். குடிவந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிய வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். வீடு பிடிக்க முன்பணம் வேண்டும். முன்பணத்துக்குக் கணக்கைத் திறக்க வேண்டும்.

நான் முதலில் பிடித்த அறையில், "தங்கிக்கொள், பதிவுக்குக் கையெழுத்து மட்டும் கேட்காதே" என்றார் குத்தகைக்காரர். அது அவர் உள்வாடகைக்கு விட்ட இடம், மேலே தெரிந்தால் அவருக்கு வம்பு. மூன்று வாரம் வாடகை கொடுத்துக்கொண்டே இல்லாத ஆளாக இருந்தேன். தபால் பெட்டியில் ஒட்டவும் விடவில்லை. பகலில் வகுப்புக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன், சளி பிடித்தது, குணமானது. ஆனால் அரசாங்கக் கணக்கில் நான் இன்னும் வானத்திலேயே பறந்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன ஐந்நூறு யூரோ நோட்டுகள் கரைந்துகொண்டிருந்தன.

பல்கலைக்கழக உணவகத்தின் அறிவிப்புப் பலகையில் கிழித்துக்கொள்ளும்படி எண் எழுதித் தொங்கிய ஒரு சீட்டில்தான் நோர்ட்ஸ்டாட் வீடு கிடைத்தது. மூன்றாம் மாடி, மூன்று பேர் பங்கு, என் அறை 265 யூரோ. நோர்ட்ஸ்டாட் என்றால் டோர்ட்முண்டிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். ஏழைகளும் வந்தேறிகளும் இருக்கும் பகுதி. இரும்பாலை இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். இந்த ஊரின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன கால்பந்துக் குழுவும் 1909இல் இங்கே போர்சிக்பிளாட்ஸ் பக்கத்துச் சாராயக்கடை ஒன்றின் மாடியில் பிறந்ததுதான். அதை யாரும் சுளிப்பதில்லை.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். நகராட்சியில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சான்றுக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து, காகித நாடாவைக் கிழித்து, பால்பாயிண்ட் பேனாவால் எழுதித் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டினேன். முதலில் வந்த கடிதம் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு. டிவி இருக்கிறதோ இல்லையோ, அப்போது ஒரு வீட்டுக்கு மாதம் 17.50. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 5.83. அப்பாவிடம் போனில் சொன்னேன். "என் பேருக்கா வந்திருக்கு?" என்றார். அவர் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பில்.

*

720இல் வாடகை 265, மாணவர் மருத்துவக் காப்பீடு தொண்ணூறு. மீதிக்கு ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் யூரோ, வலது பக்கம் ரூபாய். வலது பக்கம் இருக்கும்வரை எந்தக் காய்கறியையும் கையில் எடுக்க முடியவில்லை, ஒரு காலிஃபிளவர் நூற்று எழுபது ரூபாய் என்று கை சுட்டது. மூன்றாம் மாதம் வலது பக்கத்தை நிறுத்தினேன். மன்ஸ்டர் தெருவில் துருக்கிக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே கிடைக்கும் சிவப்புப் பருப்பில் வைத்த சாம்பார் முதல் நாள் சாம்பாராகவும் இரண்டாம் நாள் களியாகவும் இருக்கும். மாதக் கடைசியில் தெருவோரம் வேண்டாத பொருட்களை வெளியே வைக்கும் நாட்களில் போனால் மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் கிடைத்துவிடும். 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வைத்த அட்டைப் பெட்டியில் எனக்கு ஒரு குளிர்க்கோட்டு கிடைத்தது. அதன் பையில் யாரோ ஒருவரின் 1990களின் சினிமா டிக்கெட் இருந்தது. அதை எடுத்துப் போடாமலே இரண்டு குளிர்காலம் அணிந்தேன்.

பயணத்துக்கு மட்டும் நான் பணக்காரி. பல்கலைக்கழகத்துக்கு அப்போது அரையாண்டுக்கு ஒருமுறை கட்டிய முந்நூறு யூரோ சொச்சத்தில் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம் முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பேருந்து எல்லாம் அடக்கம். கொலோன், ஆகன், மன்ஸ்டர் எங்கும் போகலாம். கண்டக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இலவச பாஸ் புதிதல்ல. ஆனால் அங்கே பேருந்திலும் டிராமிலும் கண்டக்டர் இல்லை, நிலையத்தில் தடுப்புக் கதவும் இல்லை. எப்போதாவது சாதா உடையில் இருவர் ஏறிச் சோதிப்பார்கள். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. இதைச் சொன்னதும் அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப டிக்கெட்டு யாரு கிழிப்பா?" என்றார். யாருமில்லை என்றேன். எங்கள் வளாகத்துக்குள் 1984 முதல் ஒரு தொங்கு ரயில் ஓடுகிறது, மேலே தண்டவாளம், கீழே பெட்டி, அதில் டிரைவரும் கிடையாது என்றேன். "ரெண்டு பேரும் இல்லாம விசில் யாரு குடுப்பா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தொழில்காரர் இன்னொரு தொழிலிடத்தைப் பற்றிக் கேட்கும் கவலை அது.

காலி பாட்டிலைப் பற்றி எழுதாமல் அந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. தண்ணீர் பாட்டில் வாங்கினால் விலையோடு 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலைத் திருப்பிக் கடையின் சுவரில் இருக்கும் துளைக்குள் கொடுத்தால் இயந்திரம் உறிஞ்சிக்கொண்டு சீட்டு துப்பும். சீட்டைக் கொடுத்தால் காசு. பியர் பாட்டிலுக்கு 8 சென்ட். இந்த ஏற்பாட்டின் பெயர் 'ஃபாண்ட்'. அகராதியில் பார்த்தேன், அதன் நேர்ப் பொருள் அடகு. நகைக்கடன் கடைக்கும் அதே சொல்தான். கோவில்பட்டியில் அம்மாவின் சங்கிலியும் டோர்ட்முண்டில் என் தண்ணீர் பாட்டிலும் ஒரே சொல்லில் கிடந்தன. பாட்டிலை மீட்பது எளிது, அவ்வளவுதான்.

அங்கே ஏழைகள் பாட்டில் பொறுக்குவார்கள். கையில் பெரிய பையோடு, பெரும்பாலும் வயதானவர்கள், குப்பைத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். எண்பதாயிரம் பேர் கொள்ளும் வெஸ்ட்ஃபாலன் அரங்கில் ஆட்டம் இருந்தால் வாசலில் அவர்களும் ஒரு கூட்டம். கையை விட்டுத் துழாவ வேண்டாமே என்று, குடித்தவர்கள் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். இரண்டாம் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள், நிலையத்துத் தொட்டியின் பக்கத்தில் நான்கு பாட்டில்கள் நின்றன. ஒரு யூரோ, மூன்று ரொட்டி. சுற்றிப் பார்த்துவிட்டு எடுத்துப் பையில் போட்டேன். நடைமேடைக் கடைசியிலிருந்து ஒரு கிழவர் அந்தத் தொட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையை லேசாக அசைத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார். தன்னைப்போல ஒருத்தி என்று நினைத்திருக்க வேண்டும். நான் அவரைப்போல இல்லை. எனக்கு மாதம் பிறந்தால் 720 வரும், ஏழே கால் லட்சத்தைப் போட அப்பா இருந்தார், முடியாவிட்டால் திரும்பிப் போக ஊர் இருந்தது. சிக்கனம் வேறு, இல்லாமை வேறு. அந்த வித்தியாசத்தின் விலை ஒரு யூரோ என்று நோட்டில் எழுதி வைத்தேன். பாட்டில்களைத் திருப்பி வைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

*

எங்கள் அழைப்பு மணித் தகட்டை நான் ஒருநாள் நின்று முழுசாகப் படித்தேன். பனியில் சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது வரக் காத்திருந்த மாலை. தரைத்தளத்தில் 'ஓலு' என்று முடியும் துருக்கிப் பெயர். ஓலு என்றால் மகன். இன்னாரின் மகன் என்று வழிவழியாக மாறிக்கொண்டிருந்த வழக்கத்தை 1934இல் துருக்கியின் குடும்பப் பெயர்ச் சட்டம் நிறுத்தியது. எல்லாரும் நிலையான ஒரு பெயர் எடுத்தாக வேண்டும் என்றபோது பலர் இருந்த அப்பனையோ பாட்டனையோ அப்படியே உறையவைத்துவிட்டார்கள். என் அறைத்தோழி மொராக்கோக்காரி, அவள் பெயர் 'பென்' என்று தொடங்கும். அரபியில் மகன். "நான் யாருக்கோ மகனாம்" என்று சிரிப்பாள். ஜெர்மனியின் வட கோடிக்குப் போனால் 'சென்' என்று முடியும் பெயர்கள் தெருவெல்லாம் கிடக்கும், அதுவும் மகன்தான். முதல் மாடியில் 'ஸ்கி' என்று முடியும் பெயர், போலந்து மொழிப் பேச்சுள்ள கிழக்கு மாகாணங்களிலிருந்து நூறு நூற்றிருபது வருஷம் முன்பு கரி வெட்ட வந்தவர்களுடையது. தகடு முழுக்க வேறு வேறு ஊரிலிருந்து வந்த அப்பாக்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாம் மாடியில் காகித நாடாவில் என் அப்பா.

பெட்டிக்கடை அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் கடையில் யாரும் இல்லாத நேரம். "எங்கட பிள்ளைகளுக்கும் அப்பிடித்தான்" என்றார். அவருடைய அப்பா ஊரை விட்டு நகராதவர், 1987இல் அங்கேயே இறந்தவர். அவர் பெயர்தான் அண்ணாவின் காகிதங்களில் குடும்பப் பெயர். டோர்ட்முண்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அதையே போட்டார்கள். நம் கணக்கில் ஒரு பெயர் இரண்டு தலைமுறைதான் உயிரோடு இருக்கும். முதலில் தனக்கு, பிறகு பிள்ளைக்கு இனிஷியலாக. பேரன் காலத்தில் ஒரு படி கீழே இறங்கி மறைந்துவிடும். "அப்பரைப் பேரன்மார் கண்டதே இல்லை. ஆனா அவையளுக்கு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில அவரின்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறது." சொல்லிவிட்டு ஒரு பிள்ளைக்கு மிட்டாய் எண்ணிப் போடத் திரும்பினார்.

என் பெயரை முழுசாகக் கேட்ட இடம் அங்கே ஒன்றுதான். ஹாம் நகரில், தொழிற்சாலைகளுக்கு நடுவில், 17 மீட்டர்க் கோபுரத்தோடு ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில். 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவின்போது பல்லாயிரம் பேர் கூடுவார்கள், பக்கத்தில் ஓடும் கப்பல் கால்வாயில் தீர்த்தம். மாணவர் டிக்கெட்டில் செலவில்லாமல் போகலாம், போனால் ஒருவேளைச் சாப்பாடும் ஆயிற்று, இரண்டாவதுதான் நான் அடிக்கடி போனதற்குக் காரணம். அர்ச்சனைக்கு ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். வாய் தன்னால் அப்பா பெயரைச் சொல்லிவிட்டது. "உங்கட பேரைச் சொல்லுங்கோ பிள்ளை" என்றார். ஒரு நொடி திகைத்துத்தான் சொன்னேன்.

இரண்டாம் ஆண்டில் தாளில் அச்சடித்துப் புதிய பெயர்ச்சீட்டு ஒட்டினேன். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாளாம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "உன் பேரு எங்கம்மா?" என்றார். அவருக்காக, முன்னால் என் முதலெழுத்தை மட்டும் சேர்த்து மறுபடி ஒட்டினேன். ஊரில் அவர் எனக்கு இனிஷியல். அங்கே நான் அவருக்கு.

அந்த ஆண்டு ஒரு ரொட்டிக்கடையில் ஞாயிறு காலை வேலை கிடைத்தது. ரொட்டிக்கடைகள் ஞாயிறும் சில மணி நேரம் திறக்கலாம், முதல் ஞாயிறு அது எனக்குத் தெரியாது. சட்டை மேல் பெயர்த் தகடு குத்தித் தந்தார்கள், 'ஃப்ராவ்' போட்டு அப்பா பெயர். குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 9.19. வரிசையில் நிற்பவர்களுக்கு ரொட்டியைப் பையில் போட்டு, காசு வாங்கி, பாக்கிச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் வேலை. என் கை வேகத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வைக்காரம்மா இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டாள். விரலிடுக்கில் நாணயங்களை வகை பிரித்து வைத்துக்கொள்ளும் வித்தை எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும், இரவு கணக்கு முடிக்கும் அப்பாவின் தோல்பையைக் கவிழ்த்துக் கற்றது.

*

முதல் மாடிப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் புருஷன் நகரின் வடக்கே இருந்த மினிஸ்டர் ஸ்டைன் சுரங்கத்தில் கரி வெட்டியவர். அதுதான் டோர்ட்முண்டின் கடைசிச் சுரங்கம், 1987இல் மூடினார்கள். நான் போன ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி பொட்ரோப்பில் நாட்டின் கடைசிக் கருப்பு நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடியபோது, கடைசிக் கரித்துண்டைக் குடியரசுத் தலைவர் கையில் கொடுப்பதைப் பாட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிவியில் பார்த்தார். படியேறும் எங்களுக்கும் சத்தம் கேட்கட்டும் என்றுதான் திறந்து வைத்திருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மாடிப்படியைக் கழுவுவது எங்கள் கட்டடத்தில் முறை வைத்து. 'ஃப்ளூர்வோக்கெ' என்பார்கள். யார் வாரமோ அவர் வீட்டுக் கதவுப்பிடியில் ஓர் அட்டை தொங்கும். முடித்ததும் அடுத்த வீட்டுக்கு மாட்டிவிட வேண்டும். நான் முதல்முறை ஊரில் வாசல் தெளிப்பதுபோல வாளியோடு ஊற்றிவிட்டேன். மரப்படி. பாட்டி இடுப்பில் கை வைத்து நின்று, துணியைப் பிழிந்து துடைப்பது எப்படி என்று மூன்று படிக்குச் செய்து காட்டினார். கூப்பிடும்போது எப்போதும் ஃப்ராவ் போட்டு அப்பா பெயரை முழுசாக, ஓர் எழுத்தும் விழுங்காமல் கூப்பிடுவார். ஒருநாள் அம்மாவிடம் பேசிக்கொண்டே படியேறும்போது கீழிருந்து கூப்பிட்டார். போனில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். "யாரைக் கூப்பிடுறாக?" என்றாள் மெதுவாக. என்னை என்றேன். "அவுக பேரைச் சொல்லில்ல கூப்பிடுறாக" என்று சொல்லிவிட்டு, வெட்கம் கலந்த ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்த மாதிரி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

அம்மா ஒரு பார்சல் அனுப்பினாள். பருப்புப் பொடி, வற்றல், அப்பளம். தபால் ஆபீஸ் வழக்கப்படி வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, முகவரியைத் துணி மேல் அவளே மை பேனாவால் எழுதியிருக்கிறாள். அண்ணன் எழுதித் தருகிறேன் என்றதற்கு வேண்டாமென்றாளாம். ஒரு மாதம் ஆகியும் வரவில்லை. பெயர்ச்சீட்டில் இல்லாத பெயருக்கு வந்தது திரும்பிப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை பாட்டி கதவைத் தட்டி, அழுக்கேறிய அந்த மூட்டையை நீட்டினார். தபால்காரர் தகட்டில் தேடிவிட்டுத் திரும்பக் கிளம்பியிருக்கிறார். இந்தியாத் தபால்தலையைப் பார்த்துப் பாட்டிதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

துணி மேல் அம்மாவின் கோணல் எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது என் பெயர். முழுசாக, பெரிதாக. முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. அம்மாவால் அவ்வளவுதான் எழுத முடிந்திருக்கிறது.

பாட்டி அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, "இது யார்?" என்றார்.

"நான்."

"அப்படியானால் மணியில் இருப்பது?"

"என் அப்பா."

"அவரும் இங்கேதான் இருக்கிறாரா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பாட்டி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்த் தன் கதவுப்பிடியில் தொங்கிய அட்டையைக் கழற்றிக்கொண்டு மறுபடி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"இரண்டு வருஷமாக ஒரு படிகூடத் துடைக்கவில்லை" என்றபடி அதை எங்கள் கதவில் மாட்டினார். "இந்த வாரம் அவர் முறை."